எலியின் இடது காது

ஆசிரியரைவிட மாணவர் எட்டு வயது மூத்தவர்.

ஆசிரியர் டாக்டர் தமயந்திக்கு முப்பத்தெட்டு வயது. மலையடிவாரத்தில் இருந்த ஓர் ஆய்வு நிலையத்தில், ரத்தத்தில் கொழுப்பு எப்படிப் போய்வருகிறது என்று சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்துவந்தார். மாணவர் மாசிலாமணிக்கு நாற்பத்தாறு. ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துபவர். பகுதி நேர முனைவர் பட்டத்துக்காக வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி அங்கே வருவார்.

மாணவர் ஆசிரியரை மேடம் என்பார். ஆசிரியர் மாணவரை சார் என்பார். எலிகளைப் பார்த்துக்கொண்ட கஸ்தூரி அக்காவுக்கு இது ஓயாத வேடிக்கை. யார் வாத்தியார், யார் மாணவர் என்று எலிகளுக்கே குழப்பமாக இருக்கிறது என்பார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எலியின் ரத்தத்தைத் தொடப்போகிறவர் முதலில் தன் ரத்தத்தைக் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில், ஊசியில் ஐந்து மில்லி. அதைத் தானே இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளியும் சீரத்தைப் பிரித்து, கரைசல் சேர்த்து, கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று தானே அளந்து பழக வேண்டும். கொலஸ்ட்ரால் கூடக் கூடக் குழாயில் ரோஜா நிறம் அடர்ந்து வரும். கிடைத்த எண்ணைச் சிவப்பு அட்டை போட்ட நோட்டில் பெயருக்கு நேரே எழுத வேண்டும். அதன் பிறகுதான் எலி.

நோட்டில் முதல் பெயர் தமயந்தி. நேரே 171. அதற்குக் கீழே பத்துப் பெயர்கள், பத்து எண்கள்.

பன்னிரண்டாவது பெயர் மாசிலாமணி. நேரே ஒன்றும் இல்லை.

முதல் நாள் ஜுரம் என்றார். அடுத்த வாரம், மறந்துபோய் இட்லி சாப்பிட்டுவிட்டேன் என்றார். அதற்கடுத்த வாரம், ஊசியைப் பார்த்தால் மயக்கம் வரும் என்றார். தமயந்தி வற்புறுத்தவில்லை. வேறொரு மாணவி கொடுத்த சீரத்தை எடுத்துக்கொடுத்துப் பழகச் சொன்னார். இரண்டு வருடம் ஆன பிறகும் அந்த இடம் காலியாகவே இருந்தது.

காரணம் கஸ்தூரிக்குத் தெரியும். கூண்டு கழுவும் நேரத்தில் மாசிலாமணியே சொல்லியிருந்தார். அவருடைய அப்பா நாற்பத்தெட்டு வயதில் போனார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தவர், குழாயடியிலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அண்ணன் போனது நாற்பத்தேழில். பஸ் நிறுத்தத்தில், கையில் பேப்பரோடு. இருவருக்கும் மாரடைப்பு.

"தை பொறந்தா எனக்கு நாப்பத்தேழு, அக்கா" என்று முடித்தார்.

கஸ்தூரி கையிலிருந்த தண்ணீர்க் குழாயை நிறுத்தினார். "இத்தினி எலிக்கு ரத்தம் பார்க்கிற. உனக்குப் பார்த்தியா?"

மாசிலாமணி அடுத்த கூண்டை எடுத்தார்.

*

வந்த புதிதில் மாசிலாமணி தமயந்தியிடம் கேட்ட முதல் கேள்வி வேறு.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் ரத்தத்தில் அது தனியாக நகர முடியாது. சில புரதங்கள் அதைச் சுற்றி இருந்து எடுத்துப்போகின்றன. அவற்றுக்கு அபோ-ஏ, அபோ-பி, அபோ-சி, அபோ-ஈ என்று வரிசையாகப் பெயர். பி, கொழுப்பைக் கட்டி ரத்தத்துக்குள் அனுப்பும். சி-யில் மூன்றாவது வகை, கொழுப்பு இறங்க வேண்டிய இடத்தில் சீக்கிரம் இறங்கவிடாது. ஈ, மீதியைக் கல்லீரலிடம் கொண்டுபோய் ஒப்படைக்கும். ஏ-யில் முதல் வகை, அங்கங்கே தங்கிப்போன கொலஸ்ட்ராலைத் திரும்ப எடுத்துவரும்.

அங்கே மூன்று விதக் கறுப்புச் சுண்டெலிகள் இருந்தன. ஒன்று சாதாரண எலி. ஒன்று சி-மூன்று அளவுக்கு மேல் சுரக்கும்படி பிறந்தது. ஒன்று ஈ என்ற புரதமே இல்லாமல் பிறந்தது. ஈ இல்லாத இடம் சுத்தமான இடம்தானே, அதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று கஸ்தூரி கேட்பார். புதிதாக வருகிற எல்லாரிடமும் கேட்பார்.

மாசிலாமணி இருபது வருடம் வகுப்பில் நின்றவர். எதையும் ஒன்றோடு ஒப்பிட்டால்தான் அவருக்கு நிம்மதி. இது லாரி சர்வீஸ் மாதிரி என்று சொல்லிப் பார்த்தார். பி லாரி, சி செக்போஸ்ட், ஈ விலாசம்.

தமயந்தி கேட்டுக்கொண்டார். "லாரின்னு நினைச்சா லாரிதான் சார் தெரியும். எலியைப் பாருங்க."

"சரி மேடம். இந்த மூணு எலியில எது ரொம்ப ஆபத்துல இருக்கு?"

தமயந்தி மூன்று எலிகளின் சீரத்தையும் மூன்று சிறு குழாய்களில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தார். நாளைக் காலையில் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

காலையில் முதல் குழாய் தெளிவாக இருந்தது. இரண்டாவது பால் போல வெளுத்திருந்தது. மூன்றாவதில் லேசான மங்கல். வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும்.

மாசிலாமணி பால் போல இருந்த குழாயைத் தொட்டார். "இதுதான்."

தமயந்தி அவரை நுண்ணோக்கியின் முன்னால் உட்காரவைத்தார். மூன்று எலிகளின் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்களை நீளவாக்கில் பிளந்து விரித்திருந்தார்கள். கொழுப்பில் மட்டும் ஒட்டுகிற சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தது.

"பால் மாதிரி இருந்தது, இது" என்றார் தமயந்தி.

குழாயின் உட்புறம் ஏறக்குறைய சுத்தமாக இருந்தது.

"லேசா மங்கலா இருந்தது, இது."

ஈ இல்லாத எலியின் குழாய். வளைவு முழுக்கச் சிவப்புத் திட்டுகள். ரத்தம் போகிற வழியில் பாதியைத் திட்டே அடைத்திருந்தது.

மாசிலாமணி வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இந்த எலி எப்படி இருந்தது மேடம்? சோர்ந்து கிடந்ததா?"

"நேத்து வரைக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருந்தது."

"வெளியில ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாது."

"அப்புறம் எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

"அளந்து" என்றார் தமயந்தி.

மேசைமேல் சிவப்பு நோட்டு இருந்தது. மாசிலாமணி அதைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.

*

இரண்டாவது கேள்வியைக் கேட்க அவருக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

"மேடம், பிறப்பிலேயே ஒண்ணு இல்லாம வந்துட்டா, பின்னால ஏதாவது பண்ண முடியுமா?"

"எலிக்கா?"

"எலிக்குத்தான்."

தமயந்தி அவர் முகத்தைச் சற்றுப் பார்த்தார். "பண்ணிப் பாருங்க" என்றார்.

ஈ புரதத்தில் பெரும்பங்கு கல்லீரலில் உண்டாகிறது. கொஞ்சம், எலும்பு மஜ்ஜையில் பிறக்கிற ஒரு வகை வெள்ளை அணுக்களிலும் உண்டாகிறது. ஈ இல்லாத எலியின் மஜ்ஜையைக் கதிர் கொடுத்து நீக்கிவிட்டுச் சாதாரண எலியின் மஜ்ஜையை ஏற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் வேலை. வேறு ஊர்களில் செய்திருக்கிறார்கள் என்றும், படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கையால் செய்து தெரிந்துகொள்வது வேறு என்றும் தமயந்தி சொன்னார்.

இருபத்துநான்கு எலிகள். எல்லாம் ஈ இல்லாதவை. எல்லாவற்றுக்கும் கொலஸ்ட்ரால் ஐந்நூறை ஒட்டி இருந்தது. பன்னிரண்டு எலிகளுக்குச் சாதாரண எலியின் மஜ்ஜை. மற்ற பன்னிரண்டுக்கு, அவற்றைப் போலவே ஈ இல்லாத எலியின் மஜ்ஜை. ஆறு கூண்டுகள், கூண்டுக்கு நான்கு. ஒரே கூண்டில் இரண்டு இப்படி, இரண்டு அப்படி. அடையாளத்துக்குக் காதில் ஒரு துளை. நல்ல மஜ்ஜை ஏறியதற்கு இடது காதில், மற்றதற்கு வலது காதில்.

முதல் நாள் மூன்று கூண்டுகளுக்குக் கஸ்தூரி துளையிட்டார். மறுநாள் லீவு போட்டார். அவர் பேத்திக்கு அன்றைக்குக் காதுகுத்து. இருபது வருஷமாக எலிக்குக் குத்துகிறேன், என் வீட்டுப் பிள்ளைக்குக் குத்தும்போது நான் இல்லாமலா என்று கேட்டுவிட்டுப் போனார். மீதி மூன்று கூண்டுகளுக்கு மாசிலாமணி துளையிட்டார்.

பிறகு எட்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

அந்த எட்டு வாரத்தில் அவர் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. மகள் அமுதினி இயற்பியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வயது பத்தொன்பது. குடியாத்தத்தில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாகத் தரகர் சொன்னார். மாசிலாமணி பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார். படிப்பை முடித்துவிடுகிறேன் அப்பா என்று அமுதினி கேட்டாள். அங்கே போய்ப் படிக்கலாம் என்றார். அங்கே படிக்கவிட மாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

என்ன அவசரம் என்று கஸ்தூரி கேட்டார்.

"இருக்கும்போதே பார்த்துடணும் அக்கா" என்றார் மாசிலாமணி.

அதைக் கஸ்தூரி தமயந்தியிடம் சொன்னார். அப்பா கதையையும், அண்ணன் கதையையும் சேர்த்தே சொன்னார். தமயந்தி தலையசைத்தார்.

*

எட்டு வாரம் முடிந்த புதன்கிழமை மாசிலாமணி முடிவைக் கொண்டுவந்தார்.

இடது காதில் துளை உள்ள எலிகளின் சராசரி முந்நூற்று நான்கு. வலது காதில் துளை உள்ளவற்றின் சராசரி முந்நூற்று ஒன்பது.

"வித்தியாசம் இல்லை மேடம். கதிர் பட்டதுல ரெண்டு பக்கமும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. மஜ்ஜையால ஒண்ணும் ஆகலை."

குரலில் வருத்தம் இல்லை. தெரிந்த செய்தியை இன்னொருவர் வாயால் கேட்டவர்போல இருந்தார்.

"பிறப்பு பிறப்புதான்" என்றார். சனியும் ஞாயிறும் வர முடியாது, வீட்டில் விசேஷம் என்றார்.

தமயந்தி தாளை வாங்கினார். கடைசி வரியில் இருந்த சராசரியின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

"மேல இருக்கறதைப் படிங்க சார்."

மாசிலாமணி இடது காதுப் பட்டியலைப் படித்தார். நூற்றுப் பதினெட்டு. நானூற்றுத் தொண்ணூற்று இரண்டு. நூற்று இருபத்தாறு. ஐந்நூற்று மூன்று. நானூற்று எண்பத்தெட்டு. நூற்றுப் பதினொன்று.

"இதுல முந்நூறுன்னு ஒரு எலி இருக்கா?"

அவர் முழுப் பட்டியலையும் பார்த்தார். வலது காதுப் பட்டியலையும் பார்த்தார். எல்லாம் நூற்றை ஒட்டி இருந்தன, அல்லது ஐந்நூறை ஒட்டி இருந்தன. நடுவில் ஒரு எலிகூட இல்லை.

"இல்லை" என்றார்.

"வாங்க" என்று தமயந்தி எழுந்தார்.

எலிகள் இருந்த அறையில் கஸ்தூரி தீனி அளந்துகொண்டிருந்தார். தமயந்தி ஒரு கூண்டைத் திறந்து மாசிலாமணியிடம் ஓர் எலியை எடுக்கச் சொன்னார். அவர் வாலைப் பிடித்து எடுத்து, கழுத்துத் தோலைப் பற்றி, முகம் தெரியும்படி தன் பக்கம் திருப்பினார்.

"இடது காது எது சார்?"

மாசிலாமணி காட்டினார்.

"அக்கா, நீங்க பிடிங்க."

கஸ்தூரி எலியை வாங்கினார். கூண்டின் கம்பிமேல் நிற்கவைத்து, பின்னாலிருந்து பிடித்தார். எலியும் அவரும் ஒரே திசையைப் பார்த்தார்கள்.

"இடது காது எது?"

கஸ்தூரி மற்றக் காதைக் காட்டினார்.

மாசிலாமணிக்கு முதலில் கஸ்தூரிமேல்தான் கோபம் வந்தது. இத்தனை வருடம் செய்கிறவர் இப்படிச் செய்யலாமா என்றார். பார்க்கிறவருக்கு இடது பக்கம் எதுவோ அதுதானே இடது என்றார்.

"இன்னா வாத்தியாரே" என்றார் கஸ்தூரி, கோபப்படாமல். "காது எலியோடது. இடதும் எலியோடதுதான். எதிர்ல நின்னு பார்க்கிற உனக்காக அது காதை மாத்தி வச்சுக்குமா?"

தமயந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மாசிலாமணி துளையிட்ட மூன்று கூண்டுகளில் அவர் எலியை எதிரில் பிடித்து, நல்ல மஜ்ஜை ஏறியதற்குத் தன் இடது கைப்பக்கம் துளையிட்டிருந்தார். பிறகு அதே மாதிரி எதிரில் பிடித்துப் படித்தார். அதனால் சரியாக வந்தது. கஸ்தூரியின் மூன்று கூண்டுகளையும் அப்படியே எதிரில் பிடித்துப் படித்திருந்தார். அவை தலைகீழாக வந்துவிட்டன. பாதி நேர், பாதி தலைகீழ். கூட்டி வகுத்தால் முந்நூறு.

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். ஒரு பேனா கேட்டார்.

"அந்த மூணு கூண்டையும் மாத்தி எழுதிடறேன் மேடம். எழுதினா நல்லா வரும்."

"எழுதக் கூடாது."

"ஏன்? எங்க தப்புன்னு தெரிஞ்சுபோச்சே."

"காலையில பட்டியல் ஒரு கதை சொல்லிச்சு, நம்பினீங்க. இப்ப நாங்க ரெண்டு பேரும் ஒரு கதை சொல்றோம், அதையும் நம்பறீங்க." தமயந்தி எலியை வாங்கிக் கூண்டில் விட்டார். "காதை விடுங்க. அதோட ரத்தத்துல ஈ இருக்கா இல்லையான்னு பாருங்க."

*

அதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

சீரத்தில் உள்ள புரதங்களை மின்சாரத்தால் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளில் ஏற்றி, ஈ இருக்கும் இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும்படி செய்ய வேண்டும். முதல் கட்டம் சாதாரண எலிக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அதற்குப் பக்கத்தில் இருபத்துநான்கு எலிகளுக்கு இருபத்துநான்கு கட்டங்கள். காது இடதா வலதா என்று எழுதவில்லை. வெறும் வரிசை எண்.

வெள்ளிக்கிழமை மதியம் தாள் தயாரானது.

முதல் கட்டத்தில் மை கொட்டியதுபோலக் கறுப்புக் கோடு. மற்றவற்றில் பன்னிரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. பன்னிரண்டில் மட்டும் ஒரு கோடு இருந்தது. பென்சிலால் கிழித்து, ரப்பரால் பாதி அழித்ததுபோல.

மாசிலாமணி கொலஸ்ட்ரால் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். கோடு உள்ள எலி, நூற்றுப் பதினெட்டு. கோடு இல்லாத எலி, நானூற்றுத் தொண்ணூற்று இரண்டு. கோடு உள்ளது, நூற்று இருபத்தாறு. இருபத்துநான்கும் ஒத்துப்போயின. ஒன்றுகூடத் தவறவில்லை.

விரலை அங்கேயே வைத்துக்கொண்டு இருந்தார்.

"மேடம், இந்தக் கோடு எவ்வளவு இருக்கும்? நல்ல எலியோட இருக்கறதுல?"

"பத்துல ஒரு பங்கு இருக்கும்."

"பத்துல ஒண்ணா?"

"அதுகூட இருக்காது."

"இந்தப் பத்துல ஒண்ணா ஐந்நூறை நூத்திருபதுக்குக் கொண்டுவந்தது?"

"நீங்கதானே சார் அளந்தீங்க" என்றார் தமயந்தி.

மாசிலாமணி பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு எடுத்து விரித்துப் பார்த்தார். மறுபடி மடித்தார். அன்றைக்கு வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டார்.

*

சனிக்கிழமை அவர் வர மாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

காலை ஏழரை மணிக்குக் கஸ்தூரி சாவியோடு வந்தபோது மாசிலாமணி வாசற்படியில் நின்றிருந்தார். இன்றைக்கு லீவு என்றாயே, பொண்ணு பார்க்கிற விசேஷம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே கஸ்தூரி கதவைத் திறந்தார். நாளைக்குத்தான் என்றார் மாசிலாமணி.

"வா, டீ போடறேன்."

"இன்னிக்கு டீ வேணாம் அக்கா."

"ஏன், வயிறு சரியில்லையா?"

"வயிறு காலியா இருக்கணும்."

கஸ்தூரி அவரைப் பார்த்தார். இதற்கு ஒரு கிண்டல் அவரிடம் நிச்சயம் இருந்திருக்கும். சொல்லவில்லை. உள்ளே போய், தமயந்திக்கு போன் செய்து சீக்கிரம் வரச் சொன்னார்.

ஊசியைத் தமயந்தி போட்டார். மாசிலாமணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எலி இவரைவிட அமைதியாக இருக்கும் என்று கஸ்தூரி கதவோரம் நின்று சொன்னார். எடுத்தாகிவிட்டதா என்று மாசிலாமணி கேட்டபோது, குழாய் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

மற்றதையெல்லாம் அவரே செய்தார். சுழற்றினார். சீரத்தைப் பிரித்தார். கரைசலைச் சேர்த்தார். பக்கத்தில் ஒப்பிடுவதற்கு அளவு தெரிந்த இன்னொரு குழாய் வைத்தார். இரண்டு வருடமாக நூற்றுக்கணக்கான முறை செய்த வேலை. ஒரு தடவை கொட்டிவிட்டு, மறுபடி ஊற்றினார்.

பத்து நிமிடம்.

பக்கத்துக் குழாயில் வெளிறிய ரோஜா நிறம் வந்தது. அவருடைய குழாயில் நிறம் ஏறிக்கொண்டே போயிற்று. செம்பருத்தியைப் பிழிந்ததுபோல ஆயிற்று.

அவர் கருவியில் வைத்துப் பார்த்தார். இருநூற்றுத் தொண்ணூற்று ஆறு.

இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். இருநூற்றுத் தொண்ணூற்று ஆறு.

சிவப்பு நோட்டை எடுத்து, தன் பெயருக்கு நேரே எழுதினார். மேலே உள்ள பதினொரு எண்களில் ஒன்றுகூட அதற்குப் பக்கத்தில் வராது.

தமயந்தி எதிரில் உட்கார்ந்தார். திங்கட்கிழமையே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும், அவர் இன்னும் சில பரிசோதனை எழுதுவார் என்றார். இதற்கு மாத்திரை இருக்கிறது என்றார். பரம்பரையாக வந்திருக்கலாம், அதனால் மகளுக்கும் பார்த்துவிடுவது நல்லது, இந்த வயதில் தெரிந்தால் நிறையச் செய்யலாம் என்றார். பேரைக் கேட்டார்.

"அமுதினி."

தமயந்தி நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அவர் பெயருக்குக் கீழே அந்தப் பெயரை எழுதினார்.

"நாளைக்குக் காலையில சாப்பிடாம கூட்டிட்டு வாங்க."

"நாளைக்கு அவங்க வர்றாங்க மேடம்." மாசிலாமணி நோட்டைப் பார்த்தபடி பேசினார். "வரட்டும். இந்த எண்ணைப் பார்த்த பிறகு தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை. என் அப்பாவுக்கும் இதேதான் இருந்திருக்கும். அண்ணனுக்கும் இதேதான் இருந்திருக்கும்."

தமயந்தி நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"அவங்களோடது எந்த நோட்டுலயும் இல்லை சார். உங்களோடது இருக்கு."

மாசிலாமணி அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கதவோரம் நின்ற கஸ்தூரி ஓசையில்லாமல் உள்ளே போனார். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மாசிலாமணி போனை எடுத்தார். முதலில் தரகரிடம் பேசினார். பிறகு மகளைக் கூப்பிட்டார். அவள் எடுத்தாள். ஒன்றும் பேசவில்லை.

"நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடாதே அம்மா" என்றார். "அவங்க வரலை. நாம ரெண்டு பேரும் ஒரு இடத்துக்குப் போகணும்."

அமுதினி என்ற பெயருக்கு நேரே இருந்த இடம் ஒரு நாள்தான் காலியாக இருந்தது.